ஐப்டேசியாவை அடியோடு ஒழிப்பது எப்படி: கடல்நீர்த் தொட்டிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் என்னைக் கூப்பிடும்போது பெரும்பாலும் காரியம் பாதி கெட்டிருக்கும். கல்லில் பழுப்பாக ஐப்டேசியா என்ற, கொட்டும் கைகளுள்ள கடல்சாமந்தி உயிர் ஒன்று முளைத்திருக்கும். அதைப் பிளேடாலோ இடுக்கியாலோ சுரண்டி எறிந்திருப்பார்கள். சில வாரத்தில் சுரண்டிய இடத்தைச் சுற்றி ஏழெட்டுக் குட்டிகள் தலைகாட்டும். என் முதல் தொட்டியில் நானும் அதைத்தான் செய்தேன். கடைசியில் கல்லையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று.

இந்தக் கடல்சாமந்தி கல்லைப் பிடித்திருக்கும் அடித்தட்டில் சின்னத் துணுக்கு மிஞ்சினாலும் அது தனி உயிராக வளர்ந்துவிடும். தானாக நகர்ந்து போகும்போதுகூட அப்படித் துணுக்குகளை விட்டுக்கொண்டேதான் போகும். ஆகவே இதைத் தொட்டால் முழுதாகக் கொல்ல வேண்டும், முடியாதென்றால் தொடவே கூடாது. கீழே உள்ள வரிசை அதற்காகத்தான். சுண்ணாம்புக் கூழை ஊசியால் அதன் வாயில் விடுவது ஆறாவது படியில் வருகிறது. அதற்கு முந்தின ஐந்தில் ஒன்றைத் தாண்டினாலும் ஊசி போட்டது வீண்.

1. அது ஐப்டேசியாதானா என்று முதலில் பாருங்கள்

பாம்பன் தம்பி ஒருவர், "அண்ணே, முப்பதுக்கு மேல இருக்குண்ணே" என்று போனில் பதறினார். போய்ப் பார்த்தால் அதில் பாதிக்கு மேல் குழாய்ப்புழு. தண்ணீரில் மிதக்கும் தூசு தும்பைத் தின்று வாழும் சாதுவான உயிர் அது. நான் போவதற்குள் நான்கைந்தை ஊசியால் கொன்றிருந்தார்.

குழாய்ப்புழுவின் தலை இறகுபோலக் கிளை பிரிந்திருக்கும். நிழல் பட்டாலே கண்ணிமைக்கும் நேரத்தில் தன் குழாய்க்குள் போய்விடும், வெறும் குழாய் மட்டும் நிற்கும். ஐப்டேசியாவின் கைகளில் கிளை கிடையாது. ஒவ்வொன்றும் அடியில் தடித்து நுனியில் கூராக முடியும். நடுவில் வட்டத் தட்டு, அதில் கீறல்போல வாய். தண்டு மெல்லியது, ஒளி ஊடுருவும் வெளிர் பழுப்பு. பிப்பெட் என்ற சொட்டுக்குழாயால் மெதுவாகத் தண்ணீரைப் பீய்ச்சினால் கைகளைச் சுருட்டிக்கொண்டு கல்லின் ஓட்டைக்குள் இறங்கும்.

மஜானோ என்று இன்னொன்று உண்டு. அது குட்டையாகப் பருத்திருக்கும். கைகளின் நுனி உப்பியிருக்கும், பலதில் பச்சை சாயல் தெரியும். அதற்கும் இதே ஊசிதான். ஆனால் எட்டாம் படியில் சொல்லப்போகும் தின்னும் உயிர்கள் மஜானோவை நம்பும்படியாகத் தொடுவதில்லை. எது இருக்கிறது என்பதை இப்போதே தெரிந்துகொண்டால் அந்தச் செலவு மிச்சம்.

கோமாளி மீனுக்காக நீங்கள் வைத்திருக்கும் பெரிய கடல்சாமந்தியோடு இதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை. ஆனால் அதன் ஓரத்திலேயே ஐப்டேசியா வளர்ந்தால் அதைக் கொட்டும். கொட்டு வாங்கியது சுருங்கி, இடம் மாறி, சில சமயம் பம்ப்புக்குள் போய்ச் சிக்கும். "பூ மாதிரி அழகா இருக்கே, இருந்துட்டுப் போகட்டும்" என்று விடக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

2. எங்கெங்கே, எத்தனை என்று எழுதிவையுங்கள்

விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு தொட்டியைச் சுற்றி வாருங்கள். முன்பக்கக் கண்ணாடி வழியாகப் பகலில் பார்த்து எண்ணியது எந்தத் தொட்டியிலும் சரியாக இருந்ததில்லை. கல்லின் பின்புறம், கல்லும் மணலும் சேரும் இடம், தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி, திரும்பும் குழாயின் வாய், கீழே தண்ணீரை வடிகட்டும் சம்ப் தொட்டி, எல்லாம் பார்க்க வேண்டும்.

சம்ப்பில் வெளிச்சமே இல்லையே, அங்கே எப்படி என்று கேட்பார்கள். இதன் உடம்புக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் அந்தப் பாசி சமைத்துக் கொடுப்பதைத் தின்னும். இருட்டில் பாசி போய் உடம்பு வெளுத்துவிடும், ஆனால் சாகாது. தண்ணீரில் வரும் தீனித் துணுக்கைப் பிடித்துத் தின்று பிழைக்கும். சம்ப்பில் வெள்ளையாகக் கண்ணாடி மாதிரி தெரிவதும் இதேதான்.

ஒரு தாளில் கற்களைக் கோட்டுப்படமாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். ஊசி பட்டதும், படாமல் பயந்து சுருங்கியதும் ஒன்றுபோலவே மறைந்துவிடும். படம் இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் எதற்குப் போட்டோம், எதற்குப் போடவில்லை என்பது மறந்துபோகும்.

பத்துப் பதினைந்துக்குள் இருந்தால் ஊசி மட்டுமே போதும். ஐம்பதைத் தாண்டினால் கற்களை வெளியே எடுப்பதும் தின்னும் உயிர்களும் சேர்ந்தால்தான் முடியும்.

3. வேலைக்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

மருந்துக்கடையில் 2 மி.லி. சிரிஞ்சு நான்கைந்து. ஊசி 18 எண், கழுத்து இளஞ்சிவப்பாக இருக்கும். இன்சுலின் ஊசி வேண்டாம். அதன் துளையில் கூழ் அடைத்துக்கொள்ளும், அழுத்தினால் ஊசி கழன்று கூழ் முழுதும் ஒரே இடத்தில் கொட்டிவிடும். வாங்கிய ஊசியின் கூர்முனையைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்து மழுக்கிவிடுங்கள். கூராக இருந்தால் உடம்பைக் குத்திக்கொண்டு மறுபக்கம் போய்விடும், கையுறையையும் கிழிக்கும்.

ரப்பர் கையுறை, கண்ணை முழுதாக மூடும் கண்ணாடி. இதில் சமரசம் வேண்டாம். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. தெறித்துவிட்டால் குழாய்த் தண்ணீரில் பதினைந்து இருபது நிமிடம் விடாமல் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பி.எச்., அம்மோனியா இரண்டுக்கும் சோதனைக் கிட். மெல்லிய சைஃபன் குழாய். தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு மாற்றும் அளவுக்குத் தயாரான கடல்நீர். இதை முந்தின நாளே தயார் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அம்மோனியா ஏறிய பிறகு கேனைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு ஓடினால் மீன் தாங்காது.

நம் ஊரில் கடல் பக்கத்திலேயே இருப்பது வசதிதான். ஆனால் வாடைக்காலத்தில் வடகடல் கலங்கிக் கிடக்கும், மழை வெள்ளம் சேர்ந்து உப்பும் இறங்கியிருக்கும். தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலத்தில் தென்கடல் பக்கம் அலையடித்து மண் கலங்கும். எந்தப் பக்கம் எடுத்தாலும் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து, உங்கள் தொட்டி எந்த அளவில் இருக்கிறதோ அதற்குச் சமமாக்கிக்கொள்ளுங்கள். ஆவியாகிக் குறைந்ததை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீர்தான். போர்வெல் தண்ணீர் நம் பக்கம் உவர்ப்பும் கடினமும், அதை ஊற்றாதீர்கள்.

அடுத்தது சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு ஆகுமா என்பது இங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி. அடிப்படையில் அதுவும் கால்சியம் ஹைட்ராக்சைடுதான். ஆனால் கடைச் சுண்ணாம்பில் நிறமும் வேறு பொருளும் கலந்திருக்கலாம், தொட்டிக்குள் போவது எது என்று நமக்குத் தெரியாது. திறந்து கிடந்த சுண்ணாம்பின் மேல் ஆடை கட்டுமே, அது காற்றிலுள்ள கரியமில வாயு பட்டுக் கால்சியம் கார்பனேட்டாக மாறிய பகுதி. அதற்குச் சுடும் வேகம் கிடையாது. மீன்தொட்டிக்கென்று விற்கும் கால்க்வாசர் தூளோ, ஆய்வகத் தரமான கால்சியம் ஹைட்ராக்சைடோ வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நீற்றாத கல் சுண்ணாம்பைக் கனவிலும் தொடவேண்டாம். அது தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும்.

4. எடுக்க முடிந்த கல்லை முதலில் வெளியே எடுங்கள்

ஊசிக்கு முன்னால் இதைச் செய்யச் சொல்வது, தொட்டிக்குள் போகும் சுண்ணாம்பையும் அங்கே சாகும் உடம்பையும் குறைக்கத்தான். இருபது ஐப்டேசியா உள்ள ஒரு கல்லைத் தூக்கிவிட்டால் இருபது ஊசி மிச்சம்.

ஒரே நாளில் எல்லாக் கல்லையும் எடுக்காதீர்கள். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா குடியிருப்பது கல்லில்தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு தடவையில் எடுத்தால் மீன்கள் மூச்சுத் திணறும். அடுத்ததை எடுக்க இரண்டு மூன்று வாரம் பொறுங்கள்.

எடுத்த கல்லைக் கொதிக்க வைக்கக்கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். பொத்தான் பொத்தானாகப் படர்ந்திருக்கும் ஜோவாந்திட் என்ற கடல் உயிர்கள் சிலவற்றில் பேலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கல்லை வேகவைத்த ஆவியை மூச்சில் இழுத்து வீட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். வெந்நீரை ஊற்றித் தேய்ப்பதும் ஆபத்துதான்.

நமக்கு வெயில் இருக்கிறது. பிள்ளைகள், பூனைகள் எட்டாத மொட்டைமாடியில் மூன்று வாரம் காயவிடுங்கள், சில நாளுக்கொரு முறை கையுறை போட்டுப் புரட்டுங்கள். மேலே ஒரே நாளில் காய்ந்துவிடும், உள் துளைகளில் ஈரம் பல நாள் நிற்கும். அந்த ஈரத்தில்தான் அது ஒளிந்து பிழைக்கும். காய்ந்த பின் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நாற்றம் போகும்வரை தண்ணீரை மாற்றுங்கள்.

பம்ப்பின் மேல் முளைத்திருந்தால் பம்ப்பைக் கழற்றி வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்துக் கழுவினால் போதும்.

5. கூழ் கரைப்பது

வேலை தொடங்க ஐந்து நிமிடம் முன்புதான் கரைக்க வேண்டும். முன்பே கரைத்து வைத்தால் மேலே ஆடை கட்டிச் சக்தி போய்விடும்.

பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டித் தூள். ஆர்.ஓ. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழையுங்கள். தயிரைக் கடைந்தால் கட்டியில்லாமல் வழியுமே, அந்தப் பதம். இதைவிட நீர்த்தால் தண்ணீரில் பால்போலப் பரவிவிடும், வாய்க்குள் நிற்காது. கெட்டியானால் ஊசி அடைக்கும். சிரிஞ்சில் இழுக்கும்போது ஊசியைக் கழற்றிவிட்டு இழுத்து, பிறகு மாட்டுங்கள்.

எலுமிச்சைச் சாறு, வினிகர், வெந்நீர் ஆகியவற்றையும் சிலர் ஏற்றுகிறார்கள். சில சமயம் பலிக்கும். ஆனால் நீர்த்த பொருளை அது கக்கிவிட்டுப் பிழைத்துக்கொள்வதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கடையில் விற்கும் ஐப்டேசியா மருந்து கிடைத்தால் அதை அதன் உறையில் உள்ளபடி பயன்படுத்தலாம், கீழே சொல்லும் முறை அதற்கும் பொருந்தும்.

6. ஊசி

காலையில் விளக்கு எரிந்து இரண்டு மணி நேரம் ஆன பிறகு தொடங்குங்கள். அப்போது எல்லாம் விரிந்திருக்கும். பகல் முழுக்க விளைவைக் கண்காணிக்கவும் நேரம் இருக்கும். இரவில் தொடங்கிவிட்டுத் தூங்கப் போனவர்கள் காலையில் செத்த மீனை எடுத்திருக்கிறார்கள்.

பி.எச். பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அலை கிளப்பும் வேவ்மேக்கர், சம்ப்பிலிருந்து தண்ணீரை ஏற்றும் ரிட்டர்ன் பம்ப், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தண்ணீர் அசைவற்று நிற்கப் பத்து நிமிடம் ஆகும். அதுவரை கையை உள்ளே விடாதீர்கள்.

பெரியதிலிருந்து தொடங்குங்கள். பெரியதுதான் அதிகம் துணுக்கு விடும், அதற்கு ஊசி பிழைத்தால் நஷ்டமும் அதிகம். கை நடுங்காமல் இருக்கும் முதல் ஊசிகளை அதற்குச் செலவிட வேண்டும்.

ஊசியை மேலிருந்து, நிழல் விழாமல், ஒரு சாண் தூரத்தை அரை நிமிடம் எடுத்துக்கொண்டு இறக்குங்கள். முனை வாய்க்கு நேர் மேலே ஒரு நெல்மணி உயரத்தில் நிற்க வேண்டும், கைகளில் பட்டுவிடக்கூடாது. ஒரு சொட்டு விடுங்கள். அது வட்டத் தட்டில் வெள்ளையாக உட்காரும். முதலில் எதுவும் நடக்காததுபோல இருக்கும். பிறகு கைகள் ஒவ்வொன்றாக உள்நோக்கி வளைந்து, தீனி கிடைத்த மாதிரி அந்தச் சொட்டை மூடிக்கொள்ளும். வாய் திறந்து உள்ளே இழுப்பது கண்ணுக்குத் தெரியும். அதற்காகத்தான் காத்திருக்க வேண்டும். இழுத்த பிறகே மீதியை விடுங்கள், கைகள் மறையும்வரை. ஓட்டைக்குள் சுருங்கினால் ஓட்டையின் வாயையும் கூழால் அடைத்துவிடுங்கள். ஒன்றுக்கு அரை மி.லி. முதல் 1 மி.லி. வரை போதும்.

சொட்டு விழும் முன்பே அது சுருங்கிவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். துரத்திக்கொண்டு ஓட்டைக்குள் குத்துவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. சீண்டினால் உடம்பின் பக்கத்திலிருந்து வெள்ளை நூல்களை வெளியே விடும். அந்த நூல்களும் கொட்டும். தண்டு கிழிந்தால் அடித்தட்டு பத்திரமாக உள்ளே மிஞ்சும். நாளைக்கு அது விரிந்தே தீரும், அவசரமில்லை.

சுருங்கவே செய்கிறது என்றால் இறால் துணுக்கு ஊறிய தண்ணீரை இரண்டு சொட்டு அதன் பக்கத்தில் விடுங்கள். வாசனைக்கு வாய் திறக்கும், அப்போது ஊசியைக் கொண்டுபோகலாம்.

எத்தனைக்குப் போடலாம்? நான் 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு நாளில் 2 மி.லி. கூழைத் தாண்டுவதில்லை. செறிந்த சுண்ணாம்புக் கரைசலின் பி.எச். 12-க்கு மேல். அது தொட்டியின் பி.எச்.சை ஏற்றும். செத்த ஐப்டேசியா அழுகி அம்மோனியா விடும். பி.எச். ஏறினால் அதே அம்மோனியா மீனுக்கு இன்னும் கடுமையான நஞ்சாகிறது. இரண்டும் ஒன்றுசேர்ந்துதான் தொட்டியைக் காலி செய்கின்றன. "இன்னைக்கே முடிச்சிரலாம்" என்று முப்பதுக்கும் ஒரே நாளில் போட்ட வீட்டில் மாலைக்குள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

முடிந்ததும் இருபது நிமிடம் எதையும் ஓட்டாதீர்கள். பிறகு மிச்சக் கூழையும் கரைந்த சளியையும் சைஃபனால் உறிஞ்சுங்கள். அதற்கப்புறம்தான் பம்ப். உறிஞ்சாமல் பம்ப்பைப் போட்டால் சுண்ணாம்பு பறந்து மீன் செவுளிலும் உங்கள் பெரிய கடல்சாமந்தி மேலும் போய் விழும்.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பி.எச். பாருங்கள். 8.5-ஐத் தாண்டியிருந்தால் தயாராக வைத்த நீரில் கொஞ்சம் மாற்றுங்கள், காற்றுக் குமிழி விடும் காற்றுக்கல்லை ஓடவிடுங்கள்.

7. அடுத்த ஒரு மாதம்

மறுநாளும் அதற்கடுத்த நாளும் அம்மோனியா பாருங்கள். மூன்றாம் நாள் அடுத்த சுற்று. படத்தில் உள்ளது எல்லாம் முடியும்வரை இப்படியே.

முடிந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஊசி போட்ட இடத்தருகே கடுகளவில் குட்டிகள் வரும். வந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. விட்டுப்போன துணுக்குகள் முளைக்கின்றன. இந்தக் கட்டத்தில் அவற்றுக்கு ஒரு சொட்டு போதும். இதை விட்டுவிட்டு மூன்று மாதம் கழித்துக் கூப்பிடுகிறார்கள், அப்போது முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. வாரம் ஒரு டார்ச் சுற்று, ஒரு மாதம். சம்ப்பையும் சேர்த்து.

கூடவே தீனியைக் குறையுங்கள். மீன் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போடுங்கள். மீதி மிதந்துபோய் இவற்றின் வாயில்தான் விழுகிறது.

8. தின்னும் உயிர்களை இப்போது விடலாம்

பெப்பர்மின்ட் இறால் சின்னக் குட்டிகளைத் தின்னும், பெரியதன் அருகே போகாது. அதனால்தான் ஊசிக்குப் பிறகு விடச் சொல்கிறேன். வாங்கும்போது கவனம். ஒட்டக இறாலை இதன் பெயரில் விற்பார்கள். ஒட்டக இறாலுக்கு முதுகு கூன், கண் பெரிசு, சிவப்புக் கோடுகளுக்கு நடுவே வெள்ளைக் கோடும் புள்ளியும் பளிச்சென்று இருக்கும். அது பவளத்தையும் பொத்தான் உயிர்களையும் கொறிக்கும்.

பெர்கியா என்ற ஓடில்லாக் கடல்நத்தை ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது. கிடைத்தால் நல்லது. ஆனால் இறாலோடு சேர்த்து விட்டால் இறால் அதைத் தின்றுவிடும். ஐப்டேசியா தீர்ந்ததும் பட்டினியில் செத்துவிடும் என்பதால் அடுத்து யாருக்குக் கொடுப்பது என்று முன்பே பார்த்துவையுங்கள். செம்புப்பட்டை வண்ணத்துப்பூச்சி மீனைப் பலர் பரிந்துரைப்பார்கள். தொட்டியில் போடும் தீனியைத் தின்னாமல் மெலிந்து சாவதுதான் புதியவர்களிடம் நடக்கிறது. பெரிய, பழைய தொட்டி இல்லாவிட்டால் வேண்டாம்.

9. புதிய கல், பழைய கழிவு

ஐப்டேசியா பெரும்பாலும் கல்லோடும் பாசிக்கொத்தோடும்தான் உள்ளே வருகிறது. புதிதாக வரும் எதையும் தனி வாளியில், விளக்கும் காற்றுக்கல்லும் வைத்து நான்கு வாரம் பாருங்கள். கடையில் வாங்கிய அன்று சுருங்கி ஒளிந்திருப்பது இந்த நான்கு வாரத்தில் விரியும்.

கல்லுக்காகக் கடலுக்குப் போகாதீர்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளக்கல் செத்ததுதானே என்று எடுத்து வருகிறார்கள். கல்பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. உயிரோடு இருந்தாலும் செத்ததானாலும் வைத்திருப்பது குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. பீங்கான் கல்லோ, சிமெண்டும் கிளிஞ்சலும் சேர்த்து வார்த்த கல்லோ போதும். சிமெண்டுக் கல்லைப் பல வாரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, ஊறிய நீரின் பி.எச். இறங்கிய பிறகே தொட்டிக்குள் வைக்க வேண்டும்.

சைஃபனில் உறிஞ்சிய தண்ணீரையும், ஐப்டேசியா ஒட்டிய கல்லையும் கடலிலோ கடலுக்குப் போகும் வாய்க்காலிலோ கொட்டக்கூடாது. எங்கிருந்தோ வந்த உயிர் நம் பவளப் பாரில் ஒட்டிக்கொண்டால் அங்கே ஊசி போட யாராலும் முடியாது. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்ததை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அந்தப் பார்களை நம்பித்தான் இந்தக் கரையில் பல வீட்டில் உலை கொதிக்கிறது. உறிஞ்சிய தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு நாள் மூடி வையுங்கள். பிறகு கடலை விட்டுத் தள்ளி, செடிகொடி இல்லாத காய்ந்த தரையில் ஊற்றுங்கள். சிரிஞ்சையும் ஊசியையும் மூடியுள்ள பாட்டிலில் போட்டு இறுக்கி, குப்பை எடுக்க வருபவரிடம் இன்னதென்று சொல்லிக் கொடுங்கள்.